பால் நிரல்

லிங்கநகரில் சவரிமுத்து அண்ணரின் பப்பாசித் தோட்டம்.
கார்த்திகை மழை விட்ட ராத்திரி
டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்கினேன், பதினேழு.
அவர் பின்னால் நின்றார், கையில் நிலாவெளி உப்புச் சரை.
"இதில பெட்டை எது, சொல்லு பிள்ளை.
பெட்டைக்கு மட்டும் போட்டால்
உப்பும் மிச்சம், பாவமும் பாதி."

எல்லாம் பெட்டை என்றேன்.
எல்லாம் கடுவனும் என்றேன்.
வாழையடியில் தண்ணி வடிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அப்ப ஆரைப் பிழை சொல்லுறது?"

ஆறு நாள் கழித்து, கோணேசபுரி ஆய்வுகூடம்.
மஞ்சள் திரவத்தில் ஊறி, மெழுகில் இறுகி
மைக்ரோடோம் கத்தியில் ரிப்பனாய்ச் சுருண்டு வருகிறது
ஓட்டின் கடைசிச் சுழியில்
ஈரலுக்குள் முகம் புதைத்துக் கிடந்த
சோற்றுப் பருக்கை அளவு உறுப்பு.
சாயம் காயும் வரைக்கும்
யன்னலில் கடல் ஒரு வேலையும் இல்லாமல் வந்து போகிறது.

வில்லைக்குக் கீழே நூறு குட்டிப் பைகள்.
ஒவ்வொன்றின் சுவரிலும் வித்துக்கலம்.
எதுவாக வேண்டும் என்று அதற்கு
இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.
சில சுவரை விட்டு நகரும்; பெருகும்;
பிறகு இரண்டு தரம் பிளந்து ஒன்று நாலாகும்.
வளர்க்கும் கலத்தின் மடியில் தலை குத்தி
வால்களை நடுவே விட்டு நிற்கும்,
மூதூர்த் துறையில் மணலில் மூக்கை ஏற்றிய
வள்ளங்கள் மாதிரி, எல்லாம் ஒரே சாய்வில்.

சில நகராது.
அதே சுவரில், நாலு கலம் தள்ளி,
ஒன்று மட்டும் உப்பிக்கொண்டே போகும்.
மஞ்சட்கரு சேர்க்கும் அவசரமில்லாத உருண்டை.
சுற்றிலும் தட்டைக் கலங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும்.
நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில்
நான் தேடிய மதில்
ஒரு கலத்தின் தடிப்பு. அவ்வளவுதான்.

ஐந்து மாத இளசுகளில் முட்டை இல்லை, வால்கள் மட்டும்.
முதலில் எல்லாரும் அப்பா.
அம்மா ஆக இன்னும் கொஞ்சம் இலை தின்ன வேண்டும்.
அப்போதும் அப்பா போய்விடுவதில்லை.
வெளியே போக ஒரே குழாய்,
ஆனாலும் முட்டை காத்திருப்பது
வேறொரு நத்தை கொண்டு வரும் விந்துக்கு.

ஆவணியில் பாலையூற்று மதிலில் ஒட்டியிருந்த ஒன்றையும் வெட்டினேன்.
வாயில் வெள்ளை மூடி, அப்பளம் மாதிரி.
உள்ளே பைகள் சுருங்கிப் போயிருந்தன.
விந்தாக வேண்டியவை பாதிக் கணக்கில் நின்றுவிட்டன.
முட்டை விளிம்பு கலங்கி, கரைந்து, இல்லாமல் போகிற நிலை.
மழை வராத மாதங்களில்
தன் பிள்ளையைத் தானே குடித்து இருந்திருக்கிறது.
இதை ஒரு வசனமாகக் குறிப்பில் எழுதி
மேலே கோடு போட்டேன்.

படிவம் மீன் ஆய்வுக்கு அடித்தது.
நுஸ்கியா தலைப்பை மட்டும் மாற்றித் தந்தாள்.
இலக்கம், திகதி, நிறை, ஓட்டு நீளம், பால்.
பதினேழு வெறும் கட்டம்.
பள்ளிக்கூட இலக்கணப்படி
நத்தை வந்தது: அஃறிணை, ஒன்றன்பால்.
ஒன்றன் உள்ளே இத்தனை பேரைப் பார்த்த பிறகு
பலவின்பால் என்று எழுதக் கை போகிறது.
எழுதவில்லை. மேலதிகாரி சிரிக்கிற ஆள் இல்லை.

வாளியைக் கழுவப் போனால்
வெட்டாமல் விட்ட பன்னிரண்டாம் இலக்கம்
ஈரப் பேப்பருக்குக் கீழே இட்டு வைத்திருக்கிறது.
மிளகை விடப் பெரிசு, கடலையை விடச் சின்னன்,
வெளிறின எலுமிச்சை நிறம். எண்ணினேன், நூற்றிநாலு.
விதி சுவரில் ஒட்டியிருக்கிறது:
முட்டை கண்டால் கொதிநீர் ஊற்றி அழிக்கவும்.
தோட்டங்கள் பாவம், அதுவும் தெரியும்.

கேத்தலைப் போட்டேன்.
தண்ணி கொதித்து, தானே நின்றது.
படிவத்தில் அந்த நிரல் இன்னும் வெறுமை.
முதலில் ஒரு தேத்தண்ணி ஊற்றினேன்,
பால் விடாமல்.